திரை இருளும்போது

நுழையும்முன்

உடலில் வலி தோன்றும் இடமும் நோய் குடியிருக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கருவிகளுக்கும் இது பொருந்தும். வீட்டுக் கணினியின் திரை இருண்டுவிட்டால், பழி முதலில் திரையின்மீதே விழுகிறது. அப்பழி சரியானதுதானா என்பதை வீட்டில் இருந்தபடியே ஆராய்ந்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாலைப்பொழுது

திட்டக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இருபத்திரண்டாம் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். தன் ஊர் நெசவாளர்களின் பேச்சில் வழங்கும் தறிச் சொற்களைத் தொகுத்து அவள் எழுதிய கட்டுரை அது. பாவு, ஊடை, நாடா எனத் தொடங்கி முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்கள். அவற்றுள் பலவற்றைச் சொன்ன முதியவர் ஒருவர் இப்போது உயிருடன் இல்லை. மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் எழுகிறது. மின்விளக்கு கண்சிமிட்டுகிறது. கணினித் திரை இருண்டுவிடுகிறது. பெட்டிக்குள் விசிறி சுழலும் ஓசை மட்டும் கேட்கிறது.

சற்று நேரத்தில் அவ்வீட்டில் மூன்று கருத்துகள் பிறக்கின்றன. "திரை போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்" என்கிறார் தந்தை. "வைரஸ் புகுந்திருக்கும்" என்கிறான் அண்ணன். "ஒருமுறை பார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூவரும் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர்; மூவரும் பார்க்காமலேயே பேசுகின்றனர். முதற்கருத்தை ஏற்றால் பல ஆயிரம் ரூபாய் வீணாகலாம். மூன்றாம் கருத்தை ஏற்றால், பார்மட் எனப்படும் அந்த வடிவமைப்புச் செயல் வன்தட்டில் உள்ளவற்றை அழித்துவிடும். முந்நூறு சொற்களும் அவற்றோடு போய்விடும். இத்தனைக்கும் பழுது எங்கே இருக்கிறது என்பது இன்னும் எவருக்கும் தெரியாது.

இந்நிலையில் அம்மாணவி அறிந்துகொள்ள வேண்டிய முதற்செய்தி ஒன்று உண்டு. கட்டுரை திரையில் இல்லை. அது கணினிப் பெட்டிக்குள் இருக்கும் வன்தட்டில் இருக்கிறது. திரை இருண்டதால் மட்டும் சேமித்த ஓர் எழுத்தும் அழிந்துவிடாது. எனவே அவசரம் தேவையில்லை. அவசரத்தில் செய்யப்படும் செயல்களே பெரும்பாலும் இழப்புக்குக் காரணமாகின்றன.

ஒளி வரும் வழி

திரையில் ஓர் எழுத்துத் தோன்றுவதற்கு முன் அது பல கைகள் மாறி வருகிறது. செயலியும் நினைவகமும் எழுத்து இன்னது என்று கணக்கிடுகின்றன. வரைகலைப் பகுதி அதனைப் படமாக ஆக்குகிறது. வடம் அப்படத்தைக் குறிப்பலைகளாகச் சுமந்து செல்கிறது. திரையகத்தின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை அக்குறிப்பலைகளைப் படித்து, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் கட்டளையிடுகிறது. முகப்பு 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடையதாயின், மொத்தப் படப்புள்ளிகள் 20,73,600. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறுபகுதிகள் இருப்பதால், கட்டளை பெற வேண்டியவை 62,20,800. பெரும்பாலான வீட்டுத் திரையகங்களில் இப்படம் நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகிறது.

இன்றைய திரையகங்களில் பெரும்பாலானவை நீர்மப் படிகத்தால் இயங்குபவை. 1888ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தாவரவியலர் பிரீட்ரிக் ரைனிட்சர், பிராகு நகரில், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலின் சேர்மம் ஒன்றைச் சூடாக்கி ஆராய்ந்தார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 பாகையில் மீண்டும் மாறித் தெளிந்த நீர்மமாயிற்று. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என வியந்த அவர், ஓட்டோ லேமன் என்னும் ஜெர்மானிய இயற்பியலருக்கு எழுதினார். நீர்மம்போல் ஒழுகியும் படிகம்போல் ஒழுங்குபெற்றும் இருக்கும் ஒரு நிலை உண்டென்பது அவ்வாறுதான் தெரியவந்தது. செடிகளை ஆராயப் புகுந்த ஒருவர் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் வித்திட்டது அறிவியல் வரலாற்றின் இனிய தற்செயல்களுள் ஒன்று.

இங்கே நினைவில் நிறுத்த வேண்டியது வேறொன்று. நீர்மப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. அது பலகணியின் மடக்குச் சட்டங்களைப்போல, பின்னாலிருந்து வரும் ஒளியைப் புள்ளிதோறும் விடுகிறது அல்லது தடுக்கிறது, அவ்வளவே. ஒளியைத் தருவது பின்னொளி என்னும் தனி விளக்கு. பழைய திரையகங்களில் இது மெல்லிய ஒளிர்குழாயாக இருந்தது. இப்போது ஒளி உமிழ் டையோடுகளின் வரிசையாக இருக்கிறது. எனவே திரை இருண்டது என்னும்போது இரண்டில் ஒன்று நிகழ்ந்திருக்கலாம். படம் வராமல் போயிருக்கலாம். அல்லது படம் வந்தும் அதனைக் காட்ட விளக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

இருளில் எத்தனை வகை

திரையகத்தின் கீழ் விளிம்பிலோ ஓரத்திலோ சிறு விளக்கு ஒன்று இருக்கும். ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்க வேண்டும். அது அறவே எரியவில்லை என்றால் திரையகத்திற்கு மின்சாரமே வரவில்லை என்று ஐயுறலாம். சுவரிலுள்ள சுவிட்சு, ஜங்ஷன் பாக்ஸ் என்று வீடுகளில் வழங்கும் நீள்பலகை, மின்வடத்தின் இரு முனைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். திரையகத்தின் பின்புறம் செருகப்படும் முனை பாதி கழன்றும் கழலாததுபோல் தோற்றமளிக்கும். வீடு துடைக்கும்போது மேசை நகர்த்தப்பட்டாலே அவ்வாறு நேர்ந்துவிடும். அதே மின்துளையில் கைப்பேசியின் மின்னேற்றியைச் செருகிப் பார்த்தால் மின்சாரம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். சில திரையகங்களுக்கு மின்சாரம் தனிச் சிறுபெட்டி ஒன்றின் வழியாக வருகிறது. அப்பெட்டி பழுதானால் அதனை மட்டும் மாற்றினால் போதும்.

சிறுவிளக்கு மஞ்சள் நிறத்திலோ விட்டுவிட்டோ எரிந்தால் அதன் பொருள் வேறு. பெரும்பாலான திரையகங்களில் இது உறக்கநிலையின் அடையாளம். திரையகம் உயிருடன் இருக்கிறது. ஆனால் அதற்குப் படம் வந்துசேரவில்லை. அப்போது அதன் பொத்தானை அழுத்தி அணைத்து, மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளரின் பெயரோ 'நோ சிக்னல்' என்னும் சொற்களோ சில நொடிகள் தோன்றி மறையும். அச்சொற்களைக் கண்டு மனம் தளர்வோர் பலர். உண்மையில் அது நற்செய்தி. அச்சொற்களை எழுதுவது கணினி அன்று, திரையகமே. அவை தெளிவாகத் தெரிகின்றன என்றால் மின்சாரம், பின்னொளி, நீர்மப் படிகம், உள்ளிருக்கும் பலகை ஆகியவை வேலை செய்கின்றன என்றே பெரிதும் கொள்ளலாம். புதுத் திரை வாங்கும் எண்ணத்தை அந்த நொடியிலேயே ஒத்திவைத்துவிடலாம்.

அம்மாணவியின் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. சிறுவிளக்கு மஞ்சளாக எரிந்தது. பொத்தானை அழுத்தியதும் 'நோ சிக்னல்' என்று தோன்றி மறைந்தது. தந்தையின் கருத்து அத்துடன் விடைபெற்றது.

மூன்றாவது வகை சற்று நுட்பமானது. சிறுவிளக்கு இயல்பாக எரிகிறது. கணினி தொடங்கும் ஒலியும் கேட்கிறது. ஆயினும் திரை கறுப்பாகவே இருக்கிறது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் திரையின்மேல் சாய்வாகப் பாய்ச்சி உற்றுநோக்க வேண்டும். கறுப்புக்குள் எழுத்துகளும் சிறுபடங்களும் மங்கலாகத் தெரிந்தால், படம் வருகிறது, பின்னொளிதான் அணைந்துவிட்டது என்பது உறுதி. ஒளிர்குழாய் கொண்ட பழைய திரையகங்களில் படம் இரண்டொரு நொடி தோன்றிச் சட்டென மறைவதுண்டு. குழாய்க்கு உயர்மின்னழுத்தம் தரும் பகுதியில் குறை காணப்பட்டதும் பாதுகாப்புச் சுற்று அதனை நிறுத்திவிடுவதே காரணம். இவ்வகைப் பழுதை வீட்டில் சரிசெய்ய இயலாது. ஆனால் வீட்டிலேயே கண்டறிய இயலும். பழுதுநீக்கும் கடையில் "திரை வரவில்லை" என்று சொல்வதற்கும் "படம் வருகிறது, பின்னொளி இல்லை" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

வடமும் வாயும்

திரையகம் நலம் என்று தெரிந்தபின் பார்வை வடத்தின்மேல் செல்ல வேண்டும். திரையகத்தின் பின்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புவாய்கள் இருப்பது வழக்கம். வடம் எச்.டி.எம்.ஐ. வாயில் இருக்க, திரையகத்தின் பட்டியில் வி.ஜி.ஏ. தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் படம் வராது. துடைக்கும்போது பொத்தானில் விரல் பட்டாலும் இத்தேர்வு மாறிவிடும். ஆறு ஏழு ஆயிரம் ரூபாய்ப் பழுது என்று அஞ்சியது ஒரு பொத்தானில் முடிந்துபோகும் இடம் இது.

கணினிப் பெட்டியின் பின்புறத்திலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. தனி வரைகலை அட்டை பொருத்தப்பட்ட கணினிகளில், தாய்ப்பலகைக்கு ஒன்றும் அட்டைக்கு ஒன்றுமாக இரண்டு இடங்களில் ஒரே வடிவ இணைப்புவாய்கள் அமைந்திருக்கும். தூசி தட்டி மீண்டும் இணைப்பவர் தாய்ப்பலகையின் வாயில் வடத்தைச் செருகிவிடுவதுண்டு. பல கணினிகளில் அட்டை இருக்கும்போது அந்த வாய் செயற்படாது.

வடத்தை இரு முனைகளிலும் கழற்றி, ஊசிகள் வளைந்துள்ளனவா எனப் பார்த்து, நேராகவும் உறுதியாகவும் செருக வேண்டும். வேறு வடம் கிடைத்தால் மாற்றிப் பார்ப்பது சாலச் சிறந்தது. வடத்தின் உட்கம்பி முறிந்திருப்பது வெளியே தெரியாது. வடத்தை மெல்ல அசைக்கும்போது படம் வந்துவந்து போனால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது.

தெரிந்து தெளிவோம்

வி.ஜி.ஏ. இணைப்பு 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. மூன்று வரிசைகளில் 15 ஊசிகளை உடையது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனி ஊசிகளின் வழியே செல்கின்றன. ஆகையால் நீலத்துக்குரிய ஊசி ஒன்று மட்டும் தொடர்பிழந்தால் திரை இருளாது. வெண்ணிறம் மஞ்சளாகத் தோன்றும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் என்னும் ஒளியியல் உண்மையை அப்பழுதே காட்டிவிடுகிறது. 2002இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. இணைப்பின் வழக்கமான செருகியில் 19 தொடர்புமுனைகள் உள்ளன. இது எண்முறையில் அமைந்தது. வடம் நலிந்தால் நிறம் மாறுவதைவிடப் புள்ளிகள் மின்னுவதும் படம் முழுவதும் விட்டுவிட்டு மறைவதுமே மிகுதி.

இரண்டாகப் பிரித்தல்

பழுதைத் தேடுவோர் கையாளும் பழைய உத்தி ஒன்று உண்டு. நீண்ட குழாயில் நீர் வரவில்லை என்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அங்குலம் அங்குலமாகத் தோண்டுவதில்லை. நடுவில் ஓரிடத்தில் திறந்து பார்ப்பர். அங்கே நீர் இருந்தால் அடைப்பு அதற்கப்பால். இல்லையென்றால் அதற்கு முன்னால். தேட வேண்டிய நீளம் ஒரே அடியில் பாதியாகிவிடுகிறது.

கணினியில் அந்த நடுவிடம் வடத்தின் முனை. வீட்டிலுள்ள தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. வாய் இருந்தால், திரையகத்திலிருந்து வடத்தைக் கழற்றி அதில் செருகிக் கணினியை இயக்க வேண்டும். தொலைக்காட்சியில் படம் வந்தால் கணினியும் வடமும் நலம். திரையகத்திலோ அதன் தேர்விலோ குறை. வராவிட்டால் குறை வடத்திலோ கணினியிலோ இருக்கிறது. செலவின்றிச் செய்யத்தக்க இவ்வொரு சோதனை, மற்றப் பத்துச் சோதனைகளைவிட மிகுதியாகச் சொல்லும்.

மடிக்கணினிக்கும் இச்சோதனை பயன்படும். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தால் மடிக்கணினி நுழைந்த வீடுகள் பல. அவற்றில் திரை இருண்டால் உள்ளிருக்கும் வடத்தை எளிதில் அணுக முடியாது. ஆனால் தொலைக்காட்சியில் இணைத்துப் படம் வருகிறதா எனப் பார்க்கலாம். வந்தால் பழுது மடிக்கணினியின் திரைப்பகுதியில் அல்லது கீல் வழியே செல்லும் மெல்லிய வடத்தில் இருக்கக்கூடும். நாள்தோறும் திறந்து மூடப்படும் கீல் அவ்வடத்தைத் தேய்க்கிறது. மூடியைச் சற்றே சாய்க்கும்போது படம் தோன்றி மறைந்தால் ஐயம் வலுப்பெறும்.

எச்சோதனையாயினும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வடத்தையும் மாற்றி, தேர்வையும் மாற்றி, பெட்டியையும் தட்டிய பின் படம் வந்தால், எதனால் வந்தது என்பது தெரியாது. அடுத்த வாரம் மீண்டும் இருளும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பெட்டி உயிருடன் இருக்கிறதா?

விசிறி சுழல்வதை வைத்துக் கணினி இயங்குகிறது என்று முடிவு செய்வது பொதுவான பிழை. விசிறி சுழல மின்சாரம் போதும். சிந்திக்கும் செயலி தேவையில்லை. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்ப்பது இதைவிட நம்பத்தக்க சோதனை. அழுத்தும்தோறும் அதற்குரிய சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் வந்தால் கணினி விழித்திருக்கிறது. படம் மட்டுமே வெளிவரவில்லை. விளக்கு அசையாமல் நின்றால் கணினி தொடங்கவே இல்லை, அல்லது இடையில் உறைந்துவிட்டது.

கணினி இயங்கத் தொடங்கியவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. நினைவகமோ வரைகலைப் பகுதியோ கிடைக்காவிட்டால் அதனைத் திரையில் எழுதிக்காட்ட வழியில்லை. ஆகையால் பல கணினிகள் கீச்சொலி எழுப்புகின்றன. சில தாய்ப்பலகையில் சிறுவிளக்கு ஒன்றை எரியவிடுகின்றன. ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் உற்பத்தியாளருக்கு ஏற்ப மாறுபடும். கணினியுடன் வந்த கையேட்டில் அவற்றின் பொருள் இருக்கும். கையேடு இல்லாவிடினும் ஒலிகளை எண்ணித் தாளில் குறித்துக்கொள்வது நன்று.

மாணவியின் கணினியில் கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை. தொலைக்காட்சியில் இணைத்தபோதும் படம் இல்லை. அணைத்து மீண்டும் இயக்கியபோது நீண்ட கீச்சொலி விட்டுவிட்டுத் தொடர்ந்தது. முன்னரும் அது ஒலித்திருக்க வேண்டும். மூவரின் பேச்சில் எவர் காதிலும் விழவில்லை.

மின்சாரம் தாழ்ந்தபோது கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்க முயன்றிருக்கிறது. தொடக்கத்தில் நினைவகம் அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை. ரேம் எனப்படும் நினைவகப் பலகையின் விளிம்பில் உலோகத் தொடர்புமுனைகள் வரிசையாக இருக்கின்றன. ஈரக்காற்றும் தூசியும் படிந்து நாளடைவில் அவற்றின் தொடர்பு நலிகிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை தாக்குப்பிடிக்கும் தொடர்பு, மீண்டும் தொடங்கும்போது கைவிட்டுவிடுவதுண்டு.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்வடத்தைச் சுவரிலிருந்தே கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பின்னர்க் கணினியின் ஆற்றல் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னூட்டம் பெரும்பாலும் வடியும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் நுண்சில்லுகளைக் கெடுத்துவிடும். நினைவகப் பலகையின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை விலக்கி அதனை வெளியே எடுத்து, தொடர்புமுனைகளை மென்மையான அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களை உலர்ந்த தூரிகையால் நீக்கி, பிடிகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்கும்வரை நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். இரண்டு பலகைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்தும் பார்க்கலாம். வயதில் மூத்தவர் ஒருவர் உடனிருப்பது நலம்.

பெட்டிக்குள் வேறு விருந்தினரும் இருக்கக்கூடும். வெதுவெதுப்பான இடத்தை நாடி எறும்பும் பல்லியும் கணினிக்குள் குடிபுகுவது நம் ஊர்களில் புதுமையன்று. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 கணிப்பொறி பழுதுபட்டபோது, அதன் மின்பொறி இணைப்பு ஒன்றில் விட்டில் பூச்சி சிக்கியிருப்பதைப் பொறியாளர்கள் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரத்துடன் குறிப்பெழுதி வைத்தனர். அப்பக்கம் இன்றும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதைப் பூச்சி எனச் சுட்டும் வழக்கு அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. பூச்சியே பழுதானது அன்றுதான் நகைச்சுவையாயிற்று. பதிவேட்டில் எழுதிவைத்த அவர்களின் பழக்கம் நகைச்சுவையைவிட மதிப்புடையது.

மென்பொருளால் வரும் இருள்

கணினியை இயக்கியதும் உற்பத்தியாளரின் சின்னம் திரையில் தோன்றி, அதன்பின் இருள் சூழ்ந்தால், வன்பொருளின்மேல் ஐயம் பெரிதும் குறைகிறது. சின்னம் வந்த வழியாகத்தானே மற்றவையும் வர வேண்டும்? இயக்க அமைப்போ வரைகலைக்குரிய இயக்கி மென்பொருளோ தடுமாறுகிறது என்று கொள்ளலாம். கறுப்புத் திரையில் சுட்டியின் அம்புக்குறி மட்டும் நகர்வதும் இவ்வகையே.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய விசைகளுடன் ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தை ஒருசேர அழுத்தினால் வரைகலை இயக்கி புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டும். முன்பு தொலைக்காட்சியிலோ படவீழ்த்தியிலோ இணைத்திருந்த கணினி, இல்லாத இரண்டாம் திரைக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கவும் கூடும். விண்டோஸ் விசையுடன் பதினாறாம் எழுத்தை அழுத்தினால் எத்திரைக்கு அனுப்புவது என்னும் தேர்வு வரும். திரையகத்தால் காட்ட இயலாத அளவுக்குப் பிரிதிறனை உயர்த்திவிட்டவர் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாலே போதும்; ஒப்புதல் பெறாத மாற்றத்தை விண்டோஸ் 15 நொடிகளில் தானாகத் திரும்பப் பெறுகிறது. இவை பயன் தராவிட்டால், பாதுகாப்பு நிலை எனப்படும் எளிய தொடக்கத்தில் நுழைந்து இயக்கியை மீண்டும் நிறுவலாம்.

வைரஸ் திரையை இருளச் செய்யவே முடியாது என்பதில்லை. ஆனால் இயக்க அமைப்பு தொடங்குவதற்கு முன்பே இருண்டுள்ள திரைக்கு அதனைக் காரணமாக்குவது அரிது. அண்ணனின் கருத்து இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

ஆர்வத்துக்கு ஓர் எல்லை உண்டு. திரையகத்தின் உறையையும் கணினியின் மின்வழங்கிப் பெட்டியையும் மாணவர் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் மின்வழங்கியில் நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது, அங்குள்ள பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் நிற்கிறது. மின்வடத்தைக் கழற்றிய பின்னும் அது உடனே வடிந்துவிடாது. உயிரைப் பறிக்க அது போதும்.

பழைய, பின்புறம் புடைத்த திரையகங்கள் இன்னும் கொடியவை. 1897இல் கார்ல் பெர்டினாண்டு பிரவுன் உருவாக்கிய கேதோடு கதிர்க் குழாயின் வழிவந்த அவற்றில், வண்ணப்படத்துக்காக இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் பயன்படுத்தப்பட்டது. அணைத்து வைத்த குழாயிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். காற்று நீக்கப்பட்ட அக்கண்ணாடிக் குழாய் உடைந்தால் உள்நோக்கி வெடித்துச் சிதறும். கருகிய வாடை, புகை, வெடிப்பொலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, தொட்டுப் பார்க்காமல் முதன்மைச் சுவிட்சை அணைப்பதே செய்யத்தக்கது.

திரையகப் பழுதுகளுள் பல, உள்ளே மின்தேக்கிகள் உப்பிப்போவதால் நேர்பவை. திறமையுள்ள பழுதுநீக்குநர் சில மின்தேக்கிகளை மாற்றியே அவற்றை உயிர்ப்பித்துவிடுவார். ஆகவே விளக்கே எரியாத திரையகத்தையும் உடனே குப்பையில் சேர்க்க வேண்டியதில்லை. சரிசெய்ய இயலாது என்று உறுதியானாலும் பழைய இரும்புக் கடைக்கு அது உரியதன்று. கதிர்க்குழாயின் கண்ணாடியில் காரீயமும், பழைய பின்னொளிக் குழாய்களில் பாதரசமும் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவு பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியே கையாளப்பட வேண்டும் என்கின்றன. உற்பத்தியாளரையும் அதற்குப் பொறுப்பாக்குகின்றன.

கடைக்குச் செல்ல நேர்ந்தால், சோதித்தவற்றையும் கண்டவற்றையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். வன்தட்டில் உள்ள கோப்புகள் வேண்டும் என்பதையும், கேட்காமல் வடிவமைக்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் யு.பி.எஸ். மின்கலத்தைச் சோதித்து வைப்பதும், இன்றியமையாத கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வைப்பதும் செலவு குறைந்த காவல்கள்.

அம்மாணவியின் நினைவகப் பலகை அழிப்பானால் துடைக்கப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டபோது இரவு ஒன்பது மணி ஆகியிருந்தது. கீச்சொலி ஒருமுறை குறுகியதாக ஒலித்து நின்றது. திரையகத்தின் மஞ்சள் விளக்கு நீலமாயிற்று. கட்டுரை இருந்தது, மென்பொருள் தானாகச் சேமித்திருந்த படியில் இறுதிப் பத்தி மட்டும் இல்லை. அவள் முதலில் கோப்பினைப் பென்டிரைவில் படியெடுத்தாள். பிறகு குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நாளையும், கீச்சொலியின் தன்மையையும், செய்த வேலையையும் மூன்று வரிகளில் எழுதினாள். அதன்பின் இறுதிப் பத்தியைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.